ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகளுக்கு அடுத்து என்ன என்ற கேள்வி வந்துவிட்டது. இருக்கும் விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட்டுக்கொள்ள (இதற்கு டூயல் பூட் என்று பெயர்) முடியுமா என்று பலர் கேட்கிறார்கள்.

முடியும். லினக்ஸை நிறுவுவது சுமார் அரை மணி நேர வேலை. யாருக்காவது கோப்புகள் போனது, கணினி எழும்பவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் அதற்கு முன்பு விண்டோஸுக்குள் செய்யாமல் விட்ட வேலையாகத்தான் இருக்கும். அதனால் இங்கே முன்னேற்பாட்டுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22ஐ நிறுவுவதை வைத்தே எல்லாம் சொல்லியிருக்கிறேன். இன்னொரு வகையான உபுண்டுவுக்கும் ஏறக்குறைய இதே வழிதான்.

டூயல் பூட் போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுமா?

ஓடாது. கணினியை ஆன் செய்தவுடன் ஒரு பட்டியல் வரும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதுக்குப் போக ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடும் இயங்குதளத்துக்கு முழு ரேமும் முழு பிராசஸரும் கிடைக்கும் என்பதுதான் இதில் உள்ள லாபம்.

தமிழ்நாட்டில் பலருக்கு இது புதிதல்ல. அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்த்துப் போட்ட மடிக்கணினிகள் மாணவர்களுக்குப் போயிருக்கின்றன.

எனக்கு டூயல் பூட் அவசியம்தானா?

லினக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும் ஆசை என்றால் அவசியமில்லை. மின்ட் பென் டிரைவிலிருந்தே ஓடும், டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். கல்லூரிப் பாடத்துக்காக டெர்மினல், பைதான், சி கம்பைலர் போதும் என்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதி தாராளமாகப் போதும். ரேம் 16 ஜிபி இருந்தால், லினக்ஸை விண்டோஸுக்குள் ஒரு மெய்நிகர் கணினியாக (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸும் நல்ல வழி.

ஆனால் தினமும் லினக்ஸில் வேலை செய்யப்போகிறீர்கள், டேலி மாதிரி ஏதோ ஒன்றுக்கு மட்டும் விண்டோஸ் வேண்டும் என்றால் டூயல் பூட்தான் சரி. 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியிலும் இதுதான் வழி, ஏனென்றால் அதில் விர்ச்சுவல் மெஷின் திணறும்.

எந்த லினக்ஸைப் போடலாம்?

முதல்முறை என்றால் மின்ட். விண்டோஸ் பழகிய கைக்கு மெனு, டாஸ்க்பார் எல்லாம் எதிர்பார்த்த இடத்தில் இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 8 ஜிபி ரேம் இருந்தால் சினமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.

லினக்ஸைத் தொடும் முன் விண்டோஸில் என்னென்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் பேக்கப். புகைப்படங்கள், படிப்புச் சான்றிதழ்களின் ஸ்கேன், கணக்குக் கோப்புகள் என்று திரும்பக் கிடைக்காதவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். டி டிரைவில் நகல் வைப்பது பேக்கப் ஆகாது, அதுவும் அதே டிஸ்க்தான். நகல் எடுத்த பிறகு நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைக் கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் (என்கிரிப்ஷன்) விண்டோஸ் வசதி. நான் என்கிரிப்ஷன் எதையும் போடவில்லையே என்று பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் போடாவிட்டாலும் அது போடப்பட்டிருக்கலாம். விண்டோஸ் 11 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், டிவைஸ் என்கிரிப்ஷன் பெரும்பாலான கணினிகளில் தானாகவே ஆன் ஆகிவிடும். அந்த நிலையில் பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரல்) செக்யூர் பூட்டையோ (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் எழும்ப விடும் பாதுகாப்பு) வேறு சில அமைப்புகளையோ மாற்றினால், அடுத்த தடவை விண்டோஸ் எழும்போது நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் எதையும் யாராலும் மீட்டுத் தர முடியாது, கடைக்காரராலும் முடியாது. எனவே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் இணையத்தில் போய், சாதனங்கள் பகுதியில் அந்தக் கீயைக் கண்டுபிடித்து, காகிதத்தில் எழுதி வையுங்கள். என்கிரிப்ஷனையே அணைக்க விரும்பினால் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று இருக்கும். அணைத்தவுடன் முடிந்துவிடாது, முழு டிஸ்க்கின் பூட்டையும் அவிழ்த்து எழுத நேரமெடுக்கும், அதுவரை காத்திருங்கள். ஆட்கள் வந்துபோகும் இடங்களில் இருக்கும் மடிக்கணினி என்றால் என்கிரிப்ஷனை விட்டுவைத்து, கீயை மட்டும் பத்திரப்படுத்துவதே மேல் என்பது என் கருத்து. அப்படி விட்டுவைத்தால் டிஸ்க்கில் இடம் பிரிக்கும் வேலையை விண்டோஸிலேயே முடித்துவிட வேண்டும். லினக்ஸ் நிறுவியால் பூட்டிய பகுதியைச் சுருக்க முடியாது.

மூன்றாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8இலிருந்து இருக்கும் வசதி இது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுக்க அணைவதில்லை. தன் உள்நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் போய் விண்டோஸ் பகுதியில் எழுதினால் கோப்பமைப்பு குழம்பிவிடும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் இதை எடுத்துவிடுங்கள். பெரிய அப்டேட்டுகளுக்குப் பிறகு அது எடுத்தபடியே இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

என் கணினி யூஇஎஃப்ஐயா, பழைய பயாஸா? அதனால் என்ன ஆகப்போகிறது?

யூஇஎஃப்ஐ என்பது பழைய பயாஸின் இடத்துக்கு வந்த புதிய முறை; மற்ற பதில்களில் பயாஸ் என்று சொல்வது இரண்டின் அமைப்புத் திரையையும்தான். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால், பயாஸ் மோட் என்ற வரியில் யூஇஎஃப்ஐ அல்லது லெகசி என்று இருக்கும். விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையில்தான் லினக்ஸ் பென் டிரைவையும் பூட் செய்ய வேண்டும். ஒன்று அப்படி, ஒன்று இப்படி என்று போட்டால் இரண்டும் ஒரே பட்டியலில் வராது.

லெகசி (பழைய பயாஸ்) என்றால் டிஸ்க் பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய பகுப்பு முறையில் இருக்கும். அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு (முதன்மைப் பகுதி) மேல் போட முடியாது, 2 டெராபைட்டுக்கு மேல் பயன்படுத்தவும் முடியாது. நான்கும் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் ஒன்றைக் காலி செய்யாமல் லினக்ஸுக்கு இடம் கிடைக்காது. யூஇஎஃப்ஐயும் புதிய பகுப்பு முறையான ஜிபிடியும் என்றால் இந்தக் கவலையே இல்லை.

லினக்ஸுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

மின்ட் குறைந்தது 20 ஜிபி கேட்கிறது, 100 ஜிபி இருந்தால் வசதி என்கிறது. 256 ஜிபி எஸ்எஸ்டியில் 60 முதல் 80 ஜிபி கொடுத்தால் நிம்மதியாக ஓட்டலாம்.

பிரிப்பதற்கு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியையே பயன்படுத்துங்கள். சி டிரைவில் ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம், எத்தனை எம்பி என்று கொடுத்தால் போதும். வரும் காலி இடம் அன்அலகேட்டட் என்று கறுப்புப் பட்டையோடு தெரியும். அதில் புதிய டிரைவ் எதுவும் உருவாக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரில் போட்டுக்கொள்ளுங்கள், டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் வேண்டும். சுருக்கும்போது கரண்ட் போவதுதான் இந்த வேலையிலேயே மோசமான விபத்து.

சி டிரைவில் 150 ஜிபி காலியாக இருந்தும் 10 ஜிபிதான் சுருக்க முடியும் என்று சொல்கிறதா? நகர்த்த முடியாத கோப்புகள் டிரைவின் கடைசிப் பகுதியில் உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயன்று பாருங்கள். பிறகு பேஜ் ஃபைலையும் ரீஸ்டோரையும் திரும்ப ஆன் செய்ய மறக்க வேண்டாம்.

பென் டிரைவ் எப்படித் தயாரிப்பது? பூட் மெனு எந்தக் கீ?

மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (முழு நிறுவல் வட்டின் நகல்) இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற நிரல் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். அதில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும்.

கணினி ஆன் ஆகும்போது எச்பியில் எஃப்9, டெல்லிலும் லெனோவோவிலும் எஃப்12, ஆசுஸில் எஸ்கேப் அல்லது எஃப்8 தட்டினால் பெரும்பாலும் பூட் மெனு வரும். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அதை முதலில் பயாஸுக்குள் போய் இயக்கிவிட வேண்டும்.

பென் டிரைவிலிருந்து எழும்பியவுடன் நிறுவத் தொடங்காதீர்கள். வைஃபை, ஒலி, டச்பேட், கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். வைஃபை மட்டும் வரவில்லை என்றால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள், அநேகமாக உடனே நெட் கிடைக்கும். வைஃபைக்கான டிரைவரைப் பிறகு அதன் வழியாகவே இறக்கிக்கொள்ளலாம்.

செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். எங்கும் முதல் வேலையாக அதை அணைக்கச் சொல்கிறார்கள், அது பழைய அறிவுரை. மின்ட், உபுண்டு, ஃபெடோரா எல்லாம் ஷிம் என்ற ஒரு சிறு நிரல் வழியாக எழும்புகின்றன. அதில் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் இருப்பதால் செக்யூர் பூட் அதை ஏற்றுக்கொள்ளும்.

இடைஞ்சல் வருவது என்விடியா டிரைவர் போன்றவற்றில். அவற்றை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வந்து சில விநாடிகளே நிற்கும். பயந்து விட்டுவிடாதீர்கள். ஏதாவது ஒரு கீயைத் தட்டி, என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து, வைத்த கடவுச்சொல்லைக் கொடுங்கள். விட்டுவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டிருந்தும் இயங்காது, திரை மங்கலாகவோ தவறான அளவிலோ வந்துகொண்டே இருக்கும்.

நிறுவியில் என் டிஸ்க்கே தெரியவில்லை. எஸ்எஸ்டி போய்விட்டதா?

போகவில்லை. இன்டெல் உள்ள சில மடிக்கணினிகள் டிஸ்க்கை ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்ற இணைப்பு முறையில் வைத்து வருகின்றன. பயாஸில் அதை ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் தெரியும். ஆனால் நேராக மாற்றிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். இந்த வரிசையில் போங்கள்: விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து, பூட் தாவலில் சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும்பும்போது தேவையான டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த டிக்கை எடுத்துவிட்டு வழக்கம்போல ரீஸ்டார்ட் செய்யலாம். பிட்லாக்கர் இருந்தால் நடுவில் அந்த 48 இலக்கக் கீ கேட்கக்கூடும்.

"அலாங்சைட்" கொடுப்பதா, "சம்திங் எல்ஸ்" கொடுப்பதா?

விண்டோஸ் பூட் மேனேஜரோடு சேர்த்து நிறுவு ("அலாங்சைட்") என்ற முதல் தேர்வு வந்தால், அதுவே போதும். "எரேஸ் டிஸ்க்" என்று ஒன்று கூடவே இருக்கும், அது விண்டோஸையும் கோப்புகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தும் பழக்கத்தை இந்த ஒரு பக்கத்தில் விட்டுவிடுங்கள்.

முதல் தேர்வு வராவிட்டாலும், எது எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரிய வேண்டும் என்றாலும் "சம்திங் எல்ஸ்". காலி இடத்தில் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பமைப்பு வகையில் ஒரு பார்ட்டிஷன், மவுன்ட் பாயின்ட் (அது இணையும் இடம்) சாய்கோடு (/), அவ்வளவே. உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோமுக்குத் தனிப் பகுதி இருந்தால் பின்னாளில் மறுநிறுவல் சுலபம், கட்டாயமில்லை. ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப்புக்குத் தனியே தர வேண்டாம், கோப்பாகவே உருவாகிவிடும்.

இதில் கவனமாக இருக்க வேண்டியது ஃபேட்32 வகையில் உள்ள சின்ன இஎஃப்ஐ பகுதி. பெரும்பாலும் 100 எம்பி அல்லது 260 எம்பி இருக்கும். விண்டோஸை எழுப்பும் கோப்புகள் அதற்குள்தான் இருக்கின்றன. லினக்ஸும் தன் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் அங்கேயே வைக்கும், ஒன்றை ஒன்று அழிக்காது. அதை இஎஃப்ஐ பகுதியாகப் பயன்படுத்தச் சொல்லலாம், ஃபார்மட் கட்டத்தில் மட்டும் டிக் இருக்கக் கூடாது.

இரண்டு டிஸ்க் இருக்கிறது. ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் லினக்ஸ் என்று வைக்கலாமா?

வசதி இருந்தால் அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் லினக்ஸை இரண்டாம் டிஸ்க்கில் போட்டாலும் நிறுவி அதன் பூட் கோப்புகளை முதல் டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதியில் கொண்டுபோய் வைத்துவிடலாம். இரண்டும் உண்மையிலேயே தனித்தனியாக இருக்க வேண்டும் என்றால், நிறுவும் நேரத்தில் விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள், அல்லது பயாஸில் அணைத்துவிடுங்கள். பிறகு ஒரு டிஸ்க் பழுதானாலும் இன்னொன்று தன்பாட்டுக்கு எழும்பும்.

எல்லாம் முடிந்தது, ஆனால் நேராக விண்டோஸுக்கே போகிறதே?

பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். உபுண்டு என்று ஒரு வரி இருக்கும், மின்ட் போட்டாலும் பெயர் அப்படித்தான் வரும். அதை விண்டோஸ் பூட் மேனேஜருக்கு மேலே கொண்டுவந்தால் சரியாகிவிடும். அந்த வரியே இல்லை என்றால் மின்ட் பென் டிரைவில் எழும்பி, மெனுவில் உள்ள பூட் ரிப்பேரை ஓட்டுங்கள்.

நேர்மாறாக, கிரப் (ஆன் செய்தவுடன் இயங்குதளப் பட்டியலைக் காட்டும் நிரல்) பட்டியலில் விண்டோஸைக் காணோம் என்றால் பதற வேண்டாம், விண்டோஸ் அங்கேயேதான் இருக்கிறது. கிரப் 2.06இலிருந்து, மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதைத் திரும்ப இயக்கி, அப்டேட்-கிரப் கட்டளையைக் கொடுத்தால் பட்டியலில் வந்துவிடும்.

லினக்ஸுக்குப் போய்விட்டு வந்தால் விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது. ஏன்?

மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்தியாவும் இலங்கையும் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அதே அளவு வித்தியாசம். லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையின் செட்-லோக்கல்-ஆர்டிசி தேர்வுக்கு 1 என்று கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

விண்டோஸ் கோப்புகளை லினக்ஸிலிருந்து திறக்கலாமா?

திறக்கலாம், எழுதவும் செய்யலாம். எழுத விடாமல் படிக்க மட்டும் விடுகிறது என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் திரும்ப உயிர்பெற்றிருக்கிறது என்று பொருள். விண்டோஸுக்குப் போய் அதை அணைத்து, முழுக்க ஷட் டவுன் செய்துவிட்டு வாருங்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 பகுதியை விண்டோஸ் தானாகப் படிக்காது. இரண்டுக்கும் பொதுவான கோப்புகளுக்கு விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வகையில் தனியாக ஒரு பகுதி வைத்துக்கொள்வதே நல்லது.

லினக்ஸில் தமிழ் தட்டச்சு எப்படி?

நன்றாகவே வரும். தட்டச்சு முறைகளை மாற்றித் தரும் ஐபஸ் மென்பொருளோடு ஐபஸ்-எம்17என் பொதியையும் நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை இரண்டும் கிடைக்கும். யூனிகோடு எழுத்துருக்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணங்கள் மட்டும் திறக்கும்போது வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அந்த எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து நிறுவிவிட்டால் லிப்ரேஆபிஸில் சரியாகத் தெரியும்.

விண்டோஸ் அப்டேட் வந்தால் லினக்ஸ் போய்விடுமா?

யூஇஎஃப்ஐ வந்த பிறகு அரிது, ஆனால் நடந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், பழைய ஷிம்களைச் செக்யூர் பூட் ஏற்காதபடி செய்தது. டூயல் பூட் கணினிகளுக்கு அது போகாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும் பல கணினிகளுக்குப் போய், லினக்ஸ் எழும்பாமல் நின்றது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், ஷிம்மைப் புதுப்பித்தவர்கள் ஒரு கோப்பும் இழக்காமல் மீண்டார்கள். லினக்ஸ் பக்கத்து அப்டேட்டுகளையும் தள்ளிப்போடாதீர்கள். மின்ட் பென் டிரைவை அழிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள்.

மேக்கில் முடியுமா?

இன்டெல் மேக் என்றால் பூட் கேம்ப் வழியாக விண்டோஸ் போடலாம். 2020 இறுதியில் வந்த எம்1 முதல் பூட் கேம்ப் இல்லை. எம்1, எம்2 கணினிகளில் லினக்ஸ் வேண்டுமானால் அசாஹி லினக்ஸ் உண்டு.

பிறகு லினக்ஸ் வேண்டாம் என்றால் எப்படி எடுப்பது?

முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவாருங்கள், விண்டோஸ் நேராக எழும்புகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பகுதிகளை நீக்க வேண்டும். அவை டிரைவ் எழுத்து இல்லாமல், நீங்கள் ஒதுக்கிய அளவில் இருக்கும். இஎஃப்ஐ பகுதியையும் ரெக்கவரி பகுதியையும் தொடாதீர்கள். காலியான இடம் சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டி இருந்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் ரெக்கவரி பகுதி இருந்தால் எக்ஸ்டெண்ட் மங்கலாகத்தான் தெரியும். அப்போது அந்த இடத்தில் புதிய டிரைவ் ஒன்றை உருவாக்கிக் கோப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூட் பட்டியலில் உபுண்டு என்ற பெயர் மிச்சம் இருந்தால் அதனால் ஒரு கெடுதலும் இல்லை, பயாஸிலிருந்தே நீக்க முடிந்தால் நீக்கிவிடலாம்.